பிரவுசர் தலையில் கட்டியிருக்கும் உருமாலைக் கழற்றுவது எப்படி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சோமனூர் பக்கத்தில் தறி ஓட்டுகிற மாமா கூப்பிட்டார். "ஏம் மாப்ளே, இந்த ஈவே பில்லுல கடைசியா ஒண்ணு அமுக்குவமே, அந்தப் பட்டனையே காணம். வண்டிக்காரன் காடாத் துணிய ஏத்திப்போட்டு வாசல்ல நின்னுட்டிருக்கறான்." கீழே தள்ளிப் பாருங்க மாமா என்றேன். "தள்ளிட்டேதான் இருக்கறேன், அதுக்கு மேல நவுர மாட்டீங்குது" என்றார். பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஈவே பில் என்பது சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு, இணையத்தில் எடுப்பது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பக்கத்தின் மேல் ஒரு பெட்டி திறந்திருக்கிறது, அந்தப் பெட்டி மாமாவின் திரையில் மிச்சமிருந்த இடத்தைவிட உயரம், அதனால் அதன் அடிப்பாகம் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. கண்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கழித்தல் குறியை இரண்டு தட்டு தட்டச் சொன்னேன். பக்கம் சுருங்கிப் பட்டன் மேலே வந்தது, வண்டி கிளம்பியது. மறுநாள் ஞாயிறு, நேரிலேயே போய்த் துணி அளக்கிற இஞ்ச் டேப்பை எடுத்துத் திரையை அளந்தேன். மாமாவுக்கு ஒரே சிரிப்பு.

14 இஞ்ச் என்று சொல்லி விற்ற மடிக்கணினி அது. 14 என்பது மூலைக்கு மூலை அளவு. நேர் உயரம் பிடித்தால் 17.4 சென்டிமீட்டர்தான். அதில் மேலே டேப்களும் (திறந்திருக்கும் பக்கங்களின் பெயர் வரிசை) முகவரிப் பட்டையும் சேர்ந்து 2 சென்டிமீட்டர், அதற்கடியில் அடிக்கடி போகிற தளங்களைக் குறித்து வைக்கிற புக்மார்க் பட்டை முக்கால், கீழே விண்டோஸின் டாஸ்க்பார் 0.9. கூட்டினால் 3.65. மாமா படிக்கவும் எழுதவும் மிச்சமிருந்தது 13.75 சென்டிமீட்டர். அஞ்சு ஏக்கர் தோட்டத்தில் ஒரு ஏக்கர் வரப்பாகவே போனால் மாமா சும்மா விடுவாரா? திரையில் மட்டும் இத்தனை வருசமாக விட்டு வைத்திருந்தார். நீங்களும் அப்படித்தான் விட்டு வைத்திருப்பீர்கள் என்று நினைத்துத்தான், குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மாதிரி இணையப் பக்கம் திறக்கிற பிரவுசர்களின் தலையில் உருமால் போல உட்கார்ந்திருக்கும் இந்தப் பட்டைகளை ஒதுக்குகிற வழிகளை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை, ரைட் கிளிக் தெரிந்தால் போதும்.

பஞ்சம் உயரத்தில்தான்

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நம் திரைகளில் அகலம் தாராளமாகக் கிடக்கிறது, உயரம்தான் இல்லை. பழைய பெட்டி மானிட்டர் காலத்தில் 1024-க்கு 768 என்ற அளவு பரவலாக இருந்தது, அதாவது குறுக்கே 1024 புள்ளி, மேலிருந்து கீழே 768 புள்ளி. பிறகு அகலத்திரை மடிக்கணினிகள் வந்தன. அவற்றில் விலை குறைந்த பெரும்பாலானவை 1366-க்கு 768. கவனித்தீர்களா, அகலம் கூடியது, உயரம் அதே 768! தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கி அரசு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்ததே, அந்தக் காலத்து மெஷின்கள் இன்னும் எத்தனையோ வீட்டில், கடையில், பனியன் கம்பெனி ஆபீசில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சினிமா பார்க்க அந்தத் திரை நல்லாத்தான் இருக்கும், பக்கம் பக்கமாகப் படிக்கிறவனுக்கும் நீளமான படிவம் நிரப்புகிறவனுக்கும்தான் கஷ்டம்.

"எங்களுது புதுசு, ஃபுல் ஹெச்டி" என்கிறவர்களுக்கு ஒரு சேதி. உங்கள் திரை 1920-க்கு 1080 ஆகவே இருக்கட்டும். எழுத்து பொடியாகத் தெரியக்கூடாது என்பதற்காகப் பல மெஷின்களில் விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் 150 சதவீதம் பெரிதாக்கி வைத்திருக்கும். 1080-ஐ ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள், 720. பழைய 768-ஐவிடக் கம்மி! இதைச் சரிபார்க்க டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள், ஸ்கேல் என்று ஒரு சதவீதக் கணக்கு இருக்கும். 150 இருந்தால் 125 வைத்துப் பாருங்கள், 864 புள்ளி உயரம் கிடைத்துவிடும். கண்ணுக்குக் கஷ்டமாக இருந்தால் மறுபடி பழையபடி வைத்துக்கொள்ளலாம், எதுவும் கெட்டுப்போகாது.

ஆகவே நாம் ஒதுக்கப்போவது குறுக்கே படுத்திருக்கிற பட்டைகளை. நெட்டுக்குத்தலாக ஓரத்தில் நிற்கிறவற்றை அவ்வளவு கண்டுகொள்ள வேண்டாம்.

தொடங்கும் முன் மூன்று சாவிகள்

எதையாவது மறைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் முழிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல்லடத்தில் நான் கணக்கு வேலை பார்க்கிற இடத்தில் ஒரு அம்மணி எஃப்11 தெரியாமல் கை பட்டு, முழுத்திரையாகி, பிரவுசர் கெட்டுவிட்டது என்று நினைத்து மெஷினையே அணைத்துப் போட்டு ஏற்றினார். அதனால் முதலில் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எஃப்11 தட்டினால் முழுத்திரை, மறுபடி தட்டினால் பழையபடி. கண்ட்ரோலும் பூஜ்யமும் சேர்த்துத் தட்டினால் பக்கத்தின் எழுத்தளவு 100 சதவீதத்துக்குத் திரும்பும். ஃபயர்பாக்ஸில் மேலே இருந்த மெனுவைக் காணவில்லை என்றால் ஆல்ட் சாவியை ஒரு தட்டு, எட்டிப் பார்க்கும். இந்த மூன்றும் தெரிந்தால் பயமில்லை.

இன்னொன்று, பல மடிக்கணினிகளில் மேல் வரிசைச் சாவிகள் சத்தம் கூட்டவும் வெளிச்சம் குறைக்கவும் அமைந்திருக்கும். எஃப்11 தட்டினால் வேறு என்னமோ நடக்கிறது என்றால், கீழே இடது மூலைப் பக்கம் எஃப்என் என்று ஒரு சின்னச் சாவி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு எஃப்11 தட்டுங்கள்.

முதலில் புக்மார்க் பட்டை

செலவில்லாத லாபம் என்றால் இதுதான். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் ஒரே வழி, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பி என்றால் ஏ, பி, சி வரிசையில் இரண்டாவதாக வருமே, அந்த பி. பட்டை போய்விடும், மறுபடி அழுத்தினால் வரும்.

குரோமில் இப்படி மறைத்த பிறகும் புது டேப் திறக்கும்போது மட்டும் பட்டை தலைகாட்டும். வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், அது அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் நல்லதுதான், புது டேப் திறக்கிறபோதுதானே எங்கே போவது என்று புக்மார்க்கைத் தேடுவோம், ஒரு தளத்துக்குள் போன பிறகு அது எதற்கு? எட்ஜில் செட்டிங்ஸுக்குள் அப்பியரன்ஸ் பகுதியில் எப்போதும் காட்டு, காட்டவே காட்டாதே, புது டேபில் மட்டும் காட்டு என்று மூன்று விதமாகவே கேட்கும். ஃபயர்பாக்ஸிலும் 2021-ல் வந்த 85-வது பதிப்பிலிருந்து அந்த மூன்றாவது வகை இருக்கிறது, பட்டைமேல் ரைட் கிளிக் செய்தால் தெரியும். புது டேபில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

பட்டை இல்லாமல் புக்மார்க்கை எப்படி எடுப்பது என்று மாமா கேட்டார். முகவரிப் பட்டையில் அந்தத் தளத்தின் பெயரில் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்தாலே கீழே வந்து நிற்கும். அவருடைய பட்டையில் இருபதுக்கு மேல் புக்மார்க் இருந்தது, அதில் அவர் தொடுவது நான்குதான், ஜிஎஸ்டி, ஈவே பில், கரண்ட் பில், பட்டா சிட்டா. மற்றதெல்லாம் மகள் படிக்கிற காலத்தில் போட்டு வைத்தவை, ஒரு காலேஜ் கட்-ஆஃப் பட்டியல் உட்பட.

கேட்காமலே வந்து உட்கார்ந்தவை

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் ஏதாவது ஒரு இலவச மென்பொருளை இறக்கி நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் கூடவே ஒரு டூல்பாரும் வந்து பிரவுசரில் குடியேறிவிடும். ஒன்றின் கீழ் ஒன்றாக நாலைந்து டூல்பார், அதற்கடியில் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் பக்கம் தெரியும். 2022 ஜூனோடு எக்ஸ்ப்ளோரருக்கே ஆதரவை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அந்தப் பழக்கம் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற துணை மென்பொருள், என்ற பெயரில் இன்னும் இருக்கிறது.

குரோமில் முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் புதிர்த்துண்டு போல ஒரு சின்னம் இருக்கும். அதைத் தட்டி, அடியில் இருக்கிற மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போய், நீங்கள் போட்டதாக நினைவில்லாத எதுவானாலும் ரிமூவ் கொடுத்துவிடுங்கள். தேவைப்படும் எக்ஸ்டென்ஷனை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஊசிக்குத்தல் போல இருக்கிற பின் சின்னத்தை எடுத்துவிட்டால் பட்டையில் நிற்காமல் உள்ளே போய்விடும். இதில் உயரம் மிச்சமாகாது, முகவரி முழுசாகத் தெரியும், அவ்வளவுதான். எட்ஜில் வலது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்களோடு ஒரு நெட்டுப் பட்டை நின்றால் அதன் செட்டிங்ஸுக்குள் போய் எப்போதும் காட்டு என்பதை அணைத்துவிடலாம். அது தின்பது அகலத்தைத்தான், உறுத்தினால் எடுங்கள், இல்லாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும்.

விண்டோஸ் 7-லேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மெஷினில் குரோம் 109-வது பதிப்போடு நின்றுபோயிருக்கும், 2023-க்குப் பிறகு புதுசு வராது. அதில் எதையாவது டவுன்லோடு செய்தால் கீழே ஒரு பட்டை எழும்பி நிற்கும், வலது ஓரத்துப் பெருக்கல் குறியைத் தட்டினால் போய்விடும். டவுன்லோடுகளைப் பார்க்க கண்ட்ரோலும் ஜேயும். அந்த மெஷினில் பேங்க் வேலை மட்டும் பார்க்காதீர்கள்.

எஃப்11 என்கிற பெரிய கத்தி

எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்ட எஃப்11. டேப், முகவரி, டாஸ்க்பார், எல்லாம் போய் 17.4 சென்டிமீட்டரும் பக்கத்துக்கே. நீளமான கட்டுரை படிக்கிறபோது, கணக்குப் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறபோது, கடையில் விலைப்பட்டியலை வாடிக்கையாளரிடம் காட்டுகிறபோது இதற்கு ஈடில்லை. ஆப்பிள் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு கண்ட்ரோல், கமாண்ட், எஃப்.

ஆனால் முழுத்திரையில் மூன்று பிரவுசரும் மூன்று மாதிரி நடந்துகொள்ளும். ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் மவுஸை உச்சிக்குக் கொண்டுபோய் முட்டினால் ஒளிந்திருந்த பட்டைகள் சறுக்கி இறங்கும், வேலை முடிந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். விண்டோஸில் ஓடும் குரோமில் அப்படி இல்லை, மேலே முட்டினால் வெளியேற ஒரு பெருக்கல் குறிதான் வரும். அதனால் குரோமில் முழுத்திரையில் இருந்துகொண்டே அடுத்த டேபுக்குப் போக கண்ட்ரோலும் டேப் சாவியும், பின்னால் போக ஆல்ட்டும் இடது அம்பும். இது இரண்டும் கையில் பழகிவிட்டால் குரோமிலும் ஓட்டலாம். பழகவில்லை என்றால் முழுத்திரைக்கு எட்ஜோ ஃபயர்பாக்ஸோதான் சௌகரியம்.

தளமே மேலே ஒரு தடித்த தலைப்பை ஒட்டிவைத்து, கீழே விளம்பரம், ஓரத்தில் அறிவிப்பு என்று அடைத்துக்கொண்டிருந்தால் எஃப்11 ஒன்றும் செய்யாது, அது பிரவுசருடைய பட்டை இல்லையே. செய்திக் கட்டுரை என்றால் ஃபயர்பாக்ஸிலோ எட்ஜிலோ எஃப்9 தட்டிப் பாருங்கள். எழுத்து மட்டும் தனியாகப் பிரிந்து, நல்ல தாளில் அச்சடித்த மாதிரி வரும். எல்லாத் தளத்திலும் வேலை செய்யாது, செய்கிற இடத்தில் அருமை.

ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு மட்டும்

பட்டைகளை இஷ்டத்துக்கு ஒதுக்க விடுகிற பிரவுசர் என்றால் ஃபயர்பாக்ஸ்தான். டேப் வரிசையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, மெனு பார் என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபைல், எடிட், வியூ என்று நிற்குமே அந்த வரிசை போய்விடும், வேண்டும்போது ஆல்ட் தட்டினால் போதும். பிறகு அதே ரைட் கிளிக்கில் கஸ்டமைஸ் டூல்பார் போங்கள், கீழே இடது மூலையில் டைட்டில் பார் என்று ஒரு பெட்டி இருக்கும், அதிலும் டிக் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம்.

இன்னும் கொஞ்சம் வேண்டுமா? 2021 ஜூனில் 89-வது பதிப்பு வந்தபோது பட்டைகளைத் தடிமனாக்கிவிட்டு, ஒடுக்கமான வடிவத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு, சின்னத் திரைக்காரனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் கதவைப் பூட்டினார்களே ஒழியச் சாவியை எறியவில்லை. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபவுட் என்று அடித்து, ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஜாக்கிரதை என்று ஒரு எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். மேலே தேடும் பெட்டியில் காம்பேக்ட்மோட் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் ஷோ என்று முடிகிற ஒரு வரி வரும். அதன்மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் ஃபால்ஸ் என்பது ட்ரூ ஆகும். அங்கே வேறு எதையும் தொட வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன். இப்போது மறுபடி கஸ்டமைஸ் டூல்பார் போனால் கீழே டென்சிட்டி என்பதில் காம்பேக்ட் சேர்ந்திருக்கும். தேர்ந்தெடுத்ததும் மேலே இருக்கிற பட்டைகள் ஒடுங்குவது கண்ணெதிரே தெரியும்.

ஏதாவது குளறுபடியாகிவிட்டால் அதே பக்கத்தில் ரிஸ்டோர் டிஃபால்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

டேப்களை ஓரத்தில் நிற்க வைப்பது

அகலம் காலியாகக் கிடக்கிறது என்று சொன்னேனே, அதைப் பயன்படுத்துகிற இடம் இது. டேப்களை மேலே படுக்க வைக்காமல் இடது ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தலாம். எட்ஜில் 2021-லிருந்து இருக்கிறது. டேப் வரிசையில் ரைட் கிளிக் செய்து வெர்டிகல் டேப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் போய் வெர்டிகல் டேப்ஸ் இருக்கும்போது டைட்டில் பாரை மறை என்கிற வரியையும் போட வேண்டும். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, "இடமே கூடலயே" என்பார்கள். இதைப் போட்டால்தான் உயரம் கிடைக்கும். ஃபயர்பாக்ஸில் 2025 மார்ச்சில் வந்த 136-வது பதிப்பிலிருந்து செட்டிங்ஸின் முதல் பக்கத்திலேயே பிரவுசர் லேஅவுட் என்பதன் கீழ் இருக்கிறது.

முதல் இரண்டு நாள் கண் மேலேயே தேடும், மூன்றாம் நாள் பழகிவிடும். பத்து பதினைந்து டேப் திறந்து வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு லாபம், மேலே இருந்தால் டேப்கள் நெருங்கி நெருங்கிப் பெயரே தெரியாமல் போகும், ஓரத்தில் நின்றால் பெயர் முழுசாகப் படிக்கலாம். மூன்று டேபுக்கு மேல் திறக்காத மாமாவுக்கு இது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கீழே இருக்கிற டாஸ்க்பார்

பிரவுசருடைய பட்டை இல்லைதான், ஆனாலும் இடத்தைத் தின்கிறதே. டாஸ்க்பாரின் மேல் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போனால் ஆட்டோமேட்டிக்கலி ஹைட் என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் 11-ல் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்கிற பகுதியை விரித்துப் பார்க்க வேண்டும். போட்டால் டாஸ்க்பார் கீழே இறங்கிவிடும், மவுஸை அடியில் முட்டினால் எழும்பும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மறைக்காமல் அதை இடது ஓரத்துக்கும் இழுத்துக் கொண்டுபோகலாம், முதலில் லாக் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் 11 வந்தபோது அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

தினமும் போகிற ஒரே தளத்துக்கு

காலை முதல் மாலை வரை ஒரே ஒரு தளத்தில்தான் வேலை என்றால், அதைத் தனி ஜன்னலாக ஆக்கிவிடலாம். குரோமில் அந்தத் தளத்தைத் திறந்துவைத்து, வலது மூலையில் மூன்று புள்ளியைத் தட்டி, காஸ்ட், சேவ் அண்ட் ஷேர் என்பதற்குள் போனால் இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப் என்று இருக்கும். எட்ஜில் மூன்று புள்ளிக்குள் மோர் டூல்ஸ், அதற்குள் ஆப்ஸ். கொடுத்துவிட்டால் டெஸ்க்டாப்பில் தனி ஐகான் வரும், திறந்தால் டேப் வரிசையும் இல்லை, முகவரிப் பட்டையும் இல்லை, மெல்லிசாக ஒரு தலைப்பு மட்டும். திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு செக்கிங் செக்‌ஷனில் பீஸ் கணக்கு ஏற்றுகிற பக்கத்தை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு அது பிரவுசர் என்றே தெரியாது.

பிடிஎஃப் படிக்கிறவர்கள்

மாமா மகள் டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறாள், பாடப்புத்தக பிடிஎஃப்களைக் குரோமிலேயே திறந்து படிப்பாள். அதில் பிரவுசர் பட்டைகளுக்குக் கீழே பிடிஎஃப்-க்கென்று தனியாக ஒரு கறுப்புப் பட்டை, இடப்பக்கம் பக்கங்களின் சின்னப் படங்கள். இடது மூலையில் மூன்று கோடு போட்ட சின்னத்தைத் தட்டினால் அந்தச் சின்னப் படங்கள் மடங்கிக்கொள்ளும். வலது ஓரத்து மூன்று புள்ளியில் பிரசென்ட் என்பதைக் கொடுத்தால் பட்டை எதுவுமே இல்லாமல் பக்கம் மட்டும் நிற்கும், எஸ்கேப் தட்டினால் வெளியே வரலாம். "இதெல்லாம் எப்பவோ தெரியுங் மாமா" என்றாள். தெரிந்தவள் அப்பனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் அல்லவா!

போனில்

ஆண்ட்ராய்டு குரோமில் பக்கத்தைக் கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே போனால் முகவரிப் பட்டை தானாக மேலே ஏறி மறைந்துவிடும், கொஞ்சம் மேலே நகர்த்தினால் வந்துவிடும். சில தளங்களில் மறையவே மறையாது, அங்கே மொத்தப் பக்கமும் நகராமல் உள்ளே ஒரு பகுதி மட்டும் நகர்கிறது என்று அர்த்தம், போனில் கோளாறு இல்லை. ஃபயர்பாக்ஸில் மறையவில்லை என்றால் செட்டிங்ஸில் கஸ்டமைஸ் போய் ஸ்க்ரோல் செய்தால் மறை என்பதைப் போடுங்கள்.

போனில் நான் சொல்வது இன்னொன்று. அடியில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று மூன்று பட்டன் நிற்கிற வரிசை இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு விரலால் தள்ளுகிற முறைக்கு மாறலாம். செட்டிங்ஸின் தேடும் பெட்டியில் நேவிகேஷன் என்று அடித்தால் கிடைக்கும். எல்லா ஆப்பிலும் இடம் கூடும். வீட்டில் பெரியவர்கள் போனில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எங்கள் அமுச்சி போனில் மாற்றிவிட்டு இரண்டு நாள் வசவு வாங்கினேன்.

முகவரிப் பட்டையை எங்கே மறைக்கக் கூடாது

இவ்வளவு நேரம் மறை மறை என்று சொல்லிவிட்டு இப்போது மறைக்காதே என்கிறேன். பணம் சம்பந்தப்பட்ட பக்கம், பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்கிற பக்கம், இவற்றில் முகவரிப் பட்டை கண்ணில் பட வேண்டும். பேங்க் பக்கம் போலவே அச்சு அசலாக ஒரு பொய்ப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், முகவரியை மட்டும் அவர்களால் அப்படியே வைக்க முடியாது. முழுத்திரையில் இருந்தால் உங்களுக்கு அந்த முகவரியே தெரியாது.

நீங்கள் எஃப்11 தொடாமலே ஒரு பக்கம் தானாக முழுத்திரையாகி, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடு என்று கத்தினால், அது வலை. கூப்பிடாதீர்கள். எஸ்கேப் சாவியை ஒன்றிரண்டு விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையா, எஃப்11. அதற்கும் அசையவில்லையா, ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்திப் பிரவுசரையே மூடிவிடுங்கள். அந்த அவசரத்தில் பணம் கிணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும், அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண்.

மாமா மெஷின் கடைசியில் எப்படி ஆனது

புக்மார்க் பட்டையைப் புது டேபுக்கு அனுப்பிவிட்டேன், டாஸ்க்பாரை ஒளித்துவிட்டேன். இஞ்ச் டேப் பிடித்து அளந்தால் 13.75 இப்போது 15.4. ஈவே பில் பக்கத்தைத் திறந்து, எழுத்தளவு 90 சதவீதத்தில் வைத்துக் காட்டினேன். குரோம் அந்தத் தளத்துக்கு அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டியதில்லை. பெட்டி அடிப்பாகம் வரை தெரிந்தது. மாமாவுக்கு ரொம்பச் சந்தோசம், அத்தை சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போன். "மாப்ளே, எல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா மணி எங்க போச்சு?"

டாஸ்க்பாரோடு கடிகாரமும் போய்விட்டது. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தை அதில் பார்த்துத்தான் சொல்வாராம். டாஸ்க்பார் செட்டிங்ஸ் எங்கே என்று போனிலேயே சொல்லித் திரும்பக் கொண்டுவந்தோம். இப்போது 14.5.